ஸ்டெல்லாவின் வால்வு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். தங்கை ஸ்டெல்லாவுடன் புதுச்சேரி, எக்கோ பரிசோதனை. கால் வீக்கம், மூச்சிரைப்பு. கழுத்து நரம்பு துடிப்பது எதிரே நிற்பவருக்கே தெரிகிறது.

டாக்டர்: "நெஞ்சுல பலமா அடி எதுவும் பட்டுச்சாம்மா?"

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேங்க."

திரும்பும் பேருந்தில், சன்னலைப் பார்த்தபடி: "அவருதான் உதைச்சாரு, அண்ணே. ஷிப்டு முடிஞ்சு வந்தவரு பூட்ஸக்கூடக் கழட்டல."

சுரங்கப் பூட்ஸ். முனையில் இரும்புத் தகடு.

ஜூன் 10, செவ்வாய்

மாத்திரை, கொசுவத்தி, ஸ்கூட்டருக்குக் காற்று.

நேற்று டாக்டர் வரைந்து காட்டியது: உடலைச் சுற்றி வந்த இரத்தம் வலது மேலறையில் நிறைகிறது. மேலறை சுருங்க, மூவிதழ் வால்வு வழியே கீழறைக்கு. அடுத்துக் கீழறை பிழிகிறது. அக்கணமே வால்வு அறைந்து சாத்திக்கொள்ள, நுரையீரல் ஒன்றே வழி. அதே கணத்தில் இடப்பக்கமும் பிழிகிறது. நுரையீரலிலிருந்து வந்ததை உடலெங்கும் தள்ளுகிறது. நாம் கேட்கும் துடிப்பு, கதவுகள் அடைபடும் ஓசை.

ஸ்டெல்லாவுக்கு அந்த வால்வைப் பிடித்திருக்கும் நாண்கள் அறுந்துவிட்டன. இதழ் மடங்கித் தொங்குகிறது. பிழியும்போதெல்லாம் ஒரு பகுதி இரத்தம் வந்த வழியே திரும்பி அடிக்கிறது. துடிப்புக்குத் துடிப்பு அவன் அவளை உதைத்துக்கொண்டிருக்கிறான்.

சுரங்க நீரை இறைக்கும் பம்புகளுக்குப் பொறியாளன் நான். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஜூன் 11, புதன்

மாலையில் மாதா கோயில் உபதேசியார் வந்தார். உடன் அவள் கணவன் ஆரோக்கியராஜ், கையில் ஆப்பிள் பை.

"குடும்பம்னா நாலும் இருக்குங்க சார். தங்கச்சிய அனுப்பி வைங்க."

"ஒரே ஒரு தபா, மச்சான். கோவத்துல."

அவன் குரல்வளைக்கும் என் கைக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லா அறையைவிட்டு வரவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

மழை. இரண்டாம் பம்பின் ஒருவழி வால்வு முறிவு, நீர் திரும்புகிறது. குழாய்க்குள் ஆள் இறங்க வேண்டும். பழுது பார்க்க இன்று வந்த கான்ட்ராக்ட் பிட்டர் ஆரோக்கியராஜ். ஆள் உள்ளே இருக்கும்வரை பம்ப் சுவிட்சுக்குப் பூட்டு, சாவி பொறியாளரிடம். இங்கு முறை அதுவே.

அவன் முழுதாக உள்ளே போனபின் குனிந்து சொன்னேன்: "சாவி என் பையில இருக்கு, ஆரோக்கியம்."

சுத்தியல் ஓசை நின்றது.

"மச்சான்... வேணாம் மச்சான்."

"அவ நெஞ்சுல எது அறுந்துச்சுன்னு தெரியுமாடா?"

தெரியாது என்றான். மேலறையில் தொடங்கி, அறை அறையாக, வால்வு வால்வாகச் சொன்னேன். அவசரப்படவில்லை. பைக்குள் சாவியை விரல்கள் திருப்பிக்கொண்டே இருந்தன.

வெளியே தவழ்ந்து வந்தான். "உதைச்சேன். நெஞ்சுலதான் உதைச்சேன்." உதவியாளர்கள் இருவரும் கேட்டனர்.

"பூட்ஸக் கழட்டு."

வெறுங்காலோடு போனான்.

வீடு. மேசைமேல் பூட்ஸ். ஸ்டெல்லாவிடம் எதையும் மறைக்கவில்லை, அவன் குழாய்க்குள் இருந்தபோது சுவிட்சுவரை நடந்துபோய் நின்றதையும்.

"நீ பம்ப ஓட்டியிருந்தா நான் எவன்மேல கேஸ் குடுக்கறது?" மூச்சு வாங்கியது. பூட்ஸைப் பையில் போட்டாள். "வண்டிய எடு. மகளிர் ஸ்டேஷனுக்கு."

மழை விடவில்லை. கிளம்புகிறோம்.