கழிப்பறைப் பக்கத்து அலமாரி

1993 ஏப்ரல் 9

எங்கள் மின்சாதனக் கடையில் எம்எஸ்எக்ஸ் வீட்டுக் கணினிகளுக்கு மறுபடியும் இடமாற்றம். போன வருஷம் வாசலருகே, பிறகு மாடிப்படி ஓரம், இன்று கழிப்பறைக் கதவை ஒட்டி. மேலாளர் கடோவாக்கி சமாதானம் சொன்னார்: “ஹோசகா, அங்கதான் ஜனங்க கண்டிப்பா வருவாங்க.” உண்மைதான். அவசரமாக வருகிறார்கள், நிம்மதியாகப் போகிறார்கள். அலமாரியை யாரும் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 20

சகாய் புத்தர் கோயில் பூசாரி என்ஷோ தன் கணினியைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தார். பிளாப்பி சுற்றவில்லை. ஊராரின் திதிகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன. எங்கள் கடை இனி இதை ரிப்பேருக்கு வாங்காது என்றேன். கடோவாக்கி குறுக்கே வந்து, “புதுசு ஒண்ணு வாங்கிடுங்களேன் சாமி” என்றார்.

“புதுசு இந்த பிளாப்பியைப் படிக்குமா?”

“படிக்காது. ஆனா ரொம்ப வேகம்.”

“எங்க ஊர்ல செத்தவங்க யாரும் அவசரப்படலையே” என்றார் பூசாரி.

ஏப்ரல் 21

பின்சந்தில் டேப் ரெக்கார்டர் உதிரிபாகம் விற்கும் ஓனிஷியிடம், பூசாரியின் பிளாப்பியைச் சுழற்ற ஒரு ரப்பர் பெல்ட் வாங்கினேன். கச்சிதமாகப் பொருந்தியது. சுற்றுகிறது!

மே 2

மேசைக்கடியில் திருப்புளியோடு கடோவாக்கியிடம் மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை பூசாரி அனுப்பிய வேறொருவர் கணினி.

“நீ கடைக்கு வேலை பாக்கிறியா, கோயிலுக்கா?”

“ரெண்டுக்கும்தான் சார். சம்பளம்தான் ஒரு இடத்துல.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 15

அலமாரியே போய்விட்டது. மீதியை ஒரு அட்டைப்பெட்டியில் கொட்டி, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று எழுதி வைத்தார்கள். இத்தனை மாதம் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் முண்டியடித்தார்கள். சாவுக்குத்தான் சொந்தபந்தம் முழுசா வரும்போல. படிக்கட்டில போய் உக்காந்து அழுதேன். எதுக்கு அழுதேன்? வெறும் பிளாஸ்டிக் பெட்டி — ஆறு வருஷமா நான் தொடச்சு வச்ச பெட்டி.

மே 16

சோறு வடிக்கும் குக்கர் பிரிவுக்கு மாற்றம். பதவி உயர்வாம்.

ஜூன் 6, ஞாயிறு

பூசாரி கூப்பிட்டார் என்று கோயிலுக்குப் போனேன். திதிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கூடம் நிறையக் கணினிகள். தோஃபு கடைக்காரர், பல் வைத்தியர், ஒரு பள்ளி ஆசிரியை. புத்தருக்கே அன்றைக்கு ஓரமாகத்தான் இடம்.

ஜூன் 8

கடோவாக்கி காதுக்குச் சேதி போய்விட்டது. “கடை கைவிட்ட சாமான ஊழியரே வெளிய ரிப்பேர் பண்ணினா எங்க மானம் என்னாகும்? நிறுத்து. இல்லேன்னா எழுதிக் குடுத்துட்டுப் போ.”

ராத்திரி முழுக்கப் புரண்டேன். வாடகை யாரு கட்டுவா? குக்கர் என்ன பாவம் பண்ணுச்சு, அதையே வித்துட்டு இருந்தா என்ன?

ஜூன் 9

எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி.

செப்டம்பர் 5, ஞாயிறு

ஓனிஷி கடையில் பாதி மேசை என்னுடையதாகி இரண்டு மாதமாகிறது. ஞாயிறுகளில் கோயில். வாடகை எப்படியோ கட்டியாகிறது.

இன்று ஒரு அம்மாள், துணியில் சுற்றிய கணினியை என் முன்னால் மெதுவாக வைத்தார். “வீட்டுக்காரரோடது. ராத்திரில இதுலதான் பாட்டுப் போடுவாரு. உங்க முன்னால வர வெக்கப்படறாரு, வாசல்லயே நிக்கிறாரு.”

எட்டிப் பார்த்தேன். கடோவாக்கி! கோயில் அறிவிப்புப் பலகையை அவ்வளவு பக்தியோடு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

சொல்வதற்கு நாக்கு நுனியில் எத்தனையோ வந்தன. மூடியைத் திறந்தேன். பெல்ட் பிசினாய் உருகிக் கிடந்தது. மாற்றினேன்.

பூசாரி பார்லி தேநீர் கொண்டு வந்தார். என் கோப்பையை அந்த அம்மாளிடம் கொடுத்து, “வெயில்ல நிக்கிறாரு, குடுங்க” என்றேன்.

பலகையைப் பார்த்தபடியே குடித்து முடித்தார்.