பன்றி சுடும் உரிமைச் சங்கம்

1957 ஜூலை 14, ஞாயிறு

விடியற்காலையில் புக்கிட் காதில் என்ற ஊரில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் பன்றி சுட்டார். பன்றி சௌக்கியம். மரவள்ளி இரண்டு பாத்தி போனது போனதுதான்.

ரவைகள் ஒரு ரப்பர் மரத்தில் போய்ப் பதிந்தன. அந்த மரத்தில் அப்போது பால் வெட்டிக்கொண்டிருந்தவள் அஞ்சலை. எட்டு வருஷமாக எங்கள் நாலு ஏக்கருக்கும் அவள்தான் வெட்டு. மத்தியானம் டவுனில், கஜா பெராங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து பின்வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்: "பால் வடியற மங்கைத் தொடைக்கக் குனிஞ்சேன் டீச்சரம்மா. இல்லன்னா தலைதான். ஐயாகிட்ட சொல்லிப்புடாதீங்க, மரம் போயிடும், பொழப்பு போயிடும்."

சொல்லாமல் இருப்பேனா? சொன்னேன். "முழங்கால் உயரத்துலதான் சுட்டேன். பன்றி என்ன ஆள் உயரமா இருக்கும்?" என்றார்.

இவருக்கு எட்ட இருப்பது எதுவும் தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நான் நின்றால் யாரோ அம்மாள் என்று கும்பிட்டுவிட்டுப் போவார். கண்ணாடி போடுங்கள் என்றால் பத்திரிகையை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டுவார். சர்வே ஆபீஸ் கிராணி, எழுத்து வேலை. மூக்குக்குக் கீழே இருப்பதெல்லாம் நன்றாகத் தெரியும். பன்றி மூக்குக்குக் கீழே வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை 21, ஞாயிறு

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கடிதம். காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு, பயந்து நாற்பத்தொன்பதில் சிறு தோட்டக்காரர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்தார்கள். இப்போது இந்தப் பக்கம் அந்தப் பயம் இல்லையாம். வருஷக் கடைசியோடு லைசென்ஸ் முடிகிறது, துப்பாக்கியை ஒப்படையுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் வரைதான் இருந்தது. ஆறு மணிக்கு எங்கள் கூடத்தில் பதினோரு ஆண்கள், ஒரு சங்கம். சுதந்திரம் வருகிற நேரத்தில் துப்பாக்கியைப் பிடுங்குவதா என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள்.

"பயங்கரவாதிதான் இல்லையே, இனி யாரைச் சுடறதுன்னு கேட்டா?" என்றார் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் தம்பிராஜா.

"அணில்," என்றார் ஹனீபா பாய். அவருக்குக் கிளேபாங்கில் தென்னந்தோப்பு.

தலைவர், சேதுராமன், அதாவது இவர். வீடும் காப்பியும் எங்களுடையது என்பதால் போட்டியில்லை. மற்ற பத்துப் பேருக்கும் பதவி கொடுத்தாயிற்று. வெறும் உறுப்பினராக இருக்க ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை. மனு எழுதும் வேலை எனக்கு. "டீச்சர் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்ல," என்றார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மனு தயார். முதலாவது, பன்றித் தொல்லை. இரண்டாவது, நாங்கள் வேட்டையாடிய பரம்பரை (இது தம்பிராஜா சொன்னது. அவருடைய அப்பா தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர்). மூன்றாவது, சுதந்திர நாட்டில் சுதந்திர மனிதன் கையில் துப்பாக்கி.

"வீரமா இன்னொண்ணு போடு கமலா," என்றார் தலைவர்.

போட்டேன். நான்காவது: எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் அரசாங்க டாக்டரிடம் கண் பரிசோதனை உட்பட எந்தச் சோதனைக்கும் தயார். அதில் தேறாதவருக்கு லைசென்ஸ் வேண்டாம்.

உரக்கப் படித்தும் காட்டினேன். ஒரே கைதட்டல். தலைவர் மேசையைத் தட்டினார். முதல் கையெழுத்தும் அவருடையதே. எனக்கு மனசு கொஞ்சம் குறுகுறுத்தது. கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா. சுதந்திரக் கொடி ஏறியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் சொல்வானேன்? இவர் கூட்டத்துக்குள் "எங்க? எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அந்தப் பக்கம் பார்த்துக் கைதட்டினார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மூன்று வாரமாக வீடு வீடாகக் கையெழுத்து வேட்டை. இந்த வேட்டையில் மட்டும் குறி தப்பவில்லை; இருநூற்றுப் பதின்மூன்று விழுந்திருக்கிறது. நம் தெருவில், தமிழ் மறந்து மலாய் பேசிப் பல தலைமுறையான ஒரு செட்டி வீட்டு அம்மாள், "கோயில் தேருக்கா?" என்று மலாயில் கேட்டாராம். "அந்த மாதிரிதான்" என்றாராம் தலைவர். கையெழுத்தும் கிடைத்தது, ஒரு தட்டுப் பலகாரமும் கிடைத்தது.

பட்டியலைப் படி எடுக்க உட்கார்ந்தேன். இருநூற்று ஏழாவதாக ஒரு கைநாட்டு. பக்கத்தில் இவர் எழுத்தில் 'அஞ்சலை'.

சாயங்காலம் அவள் வந்தபோது கேட்டேன். "ஐயா வைக்கச் சொன்னாரு, வச்சேன். என்னா ஏதுன்னு கேக்கல," என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "இப்பல்லாம் மரத்துக்கு மரம் வாளியத் தட்டிக்கிட்டேதான் போறேன். ஆளுதான்னு ஐயாவுக்குத் தெரியட்டுமேன்னு."

தன்னைக் குறிபார்க்கும் உரிமைக்குத் தானே கைநாட்டு வைத்திருக்கிறாள். அதைப் படி எடுக்கிறவள் நான். முத்து முத்தா எழுதுறாளாம் டீச்சர்! எதுக்கு இந்த எழுத்து? இந்த மனுஷன்கிட்ட நேரா நின்னு, 'கொன்னுடப் போறீங்க அவள'ன்னு சொல்ல வாய் வரல, ஷரத்து எழுதத் தெரியுது. தூ.

அக்டோபர் 2, புதன்

ஆயுத பூசை, சங்கத்தின் சார்பில், தோட்டத்தில். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் பத்துத் துப்பாக்கிகள், சந்தனமும் குங்குமமுமாக. ஹனீபா பாய் தன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சுண்டலை மட்டும் ஏற்றுக்கொண்டார். ஓர் ஓரத்தில் அஞ்சலையின் வெட்டுக் கத்தி. தன் வாளிக்கும் ஒரு பொட்டு வைத்து மரத்தில் மாட்டியிருந்தாள். பிரமுகராகப் போலீஸ் இன்ஸ்பெக்டர், மலாய்க்காரர், மரியாதையான மனிதர். மனுவைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. தலைவருக்கு அதெல்லாம் உண்டா? திருஷ்டிப் பூசணிக்காயைத் தரையில் போட்டு உடைக்காமல், இன்ஸ்பெக்டர் முன்னிலையில் சுட்டு உடைக்கப் போவதாக அறிவித்தார். முப்பதடி தூரத்தில் ஒரு கட்டையின் மேல் பூசணிக்காய். எல்லாரையும் பின்னால் இழுத்து நிறுத்தினேன்.

சுட்டார். பூசணிக்காய் அசையவில்லை. நாலு முழம் தள்ளி மரத்தில் மாட்டியிருந்த அஞ்சலையின் வாளி தெறித்துப் போய் விழுந்தது, பொட்டோடு.

"காத்து," என்றார் தலைவர்.

"வாளியில இருந்த திருஷ்டியும் கழிஞ்சிச்சு," என்றார் தம்பிராஜா. எல்லாரும் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவர் வாளியைப் பார்க்கவில்லை; அஞ்சலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிச் சத்தம் கேட்டதும் அவள் என் பக்கத்தில் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் இப்படி என்று என்னிடம் மலாயில் கேட்டார். பழக்கம், துவான், என்றேன்.

மனுவைப் பிரித்து, நான்காவது ஷரத்தில் விரலை வைத்து, இது நிஜமாகச் சொன்னதுதானா என்று தலைவரைக் கேட்டார். தலைவர் நெஞ்சை நிமிர்த்தி "ஆமாம் துவான்" என்றார். பூசணிக்காயைக் கடைசியில் அஞ்சலைதான் தரையில் போட்டு உடைத்தாள். ஒரே போடு.

அக்டோபர் 26, சனி

வெற்றி! சங்கத்தின் கோரிக்கை ஏற்கப்பட்டது. நான்காவது ஷரத்தின்படி கண் சான்றிதழ் கொண்டுவருபவர்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப்படும்.

தீபாவளிக்கு மிஞ்சிய வெடியைக் கொளுத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் தம்பிராஜா கேட்டார்: "ஆமா, இந்த நாலாவத யார் போடச் சொன்னது?"

இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். அவ்வளவு தூரத்திலிருந்து என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது.

நவம்பர் 9, சனி

கண்ணாடி வந்துவிட்டது. வெறும் கண்ணால் பார்த்தபோது டாக்டரின் அட்டையில் முதல் எழுத்தையே 'பூச்சி' என்றாராம். கண்ணாடி போட்டதும் தேறிவிட்டார், சான்றிதழும் கையில்.

வாசலில் நின்றுகொண்டு, "எதிர்வீட்டுக்காரன் எப்பப் பச்சை அடிச்சான்?" என்று கேட்டார். அது பச்சையாகி ஆறு வருஷம். பிறகு என்னைப் பார்த்தார். "கமலா, ஒனக்கு எப்ப நரைச்சுச்சு?"

"சங்கம் ஆரம்பிச்சதுலேருந்து," என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

"இன்னைக்குப் பன்றிக்குக் கடைசி நாள்" என்று சொல்லிவிட்டு விடியுமுன் சைக்கிளில் போனார். எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். துப்பாக்கி சாக்கிலேயே கட்டியபடி இருந்தது. சாப்பிடவில்லை.

சாயங்காலம், "அஞ்சலை எவ்வளவு ஒசரம்?" என்று கேட்டார். என் காது வரைக்கும் கையைக் காட்டினேன். அவரும் சுவரில் அந்த உயரத்தில் கையை வைத்துப் பார்த்தார். எடுக்காமல் அப்படியே நின்றார்.

"ரவை ஒரு மரத்துல இல்ல கமலா. ஏழு மரத்துல இருக்கு."

குத்திக்காட்டிப் பேச என்னிடம் நாலு மாதச் சரக்கு சேர்ந்து கிடந்தது. அதை விட்டுவிட்டு அவருக்குச் சோறு எடுத்து வைத்தேன். ஒரு தடவை என்று நினைத்திருந்தேனே. ஏழு தடவை. அவள் சொன்னது ஒன்றைத்தான்.

நவம்பர் 17, ஞாயிறு

தலைவர் ராஜினாமா. கடிதத்தை நான்தான் எழுதினேன். காரணம் 'கண் கோளாறு' என்று போடச் சொன்னார். மற்ற பத்துப் பேரும் கண்ணில் தேறி, லைசென்சும் வாங்கியாயிற்று. சங்கம் போராடி வாங்கிய உரிமை வேண்டாமென்று துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தவர் முன்னாள் தலைவர் ஒருவர்தான்.

டிசம்பர் 7, சனி

பள்ளி விடுமுறை. விடியற்காலையில் இவரோடு நானும் தோட்டத்துக்குப் போனேன். மரவள்ளி மொத்தமும் போய்விட்டது; பன்றிகளுக்கும் மெர்டேக்கா. அஞ்சலைக்குப் புது வாளி கொண்டுபோயிருந்தோம். வாங்கிக்கொண்டு முதல் மரத்திலேயே டங் டங் என்று தட்டினாள்.

இவர் கிட்டே போனார். "இனிமே தட்ட வேணாம் அஞ்சலை. துப்பாக்கிய ஸ்டேஷன்ல குடுத்துட்டேன்."

"சரிங்கய்யா," என்றாள்.

அடுத்த மரத்துக்குப் போனாள். டங் டங். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "கை கேக்க மாட்டேங்குது டீச்சரம்மா."

வரிசை முடியும் வரை தட்டிக்கொண்டேதான் போனாள். இவர் மரத்துக்கு மரம் அவள் பின்னால் நடந்தார்.