பையன் காரின் கன்வெர்ட்டர்

என்னங்க,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. நேற்றுதான் சாப்பிடவில்லை, இன்றாவது சாப்பிடுங்கள்.

மதியத்துக்குள் மெக்கானிக் மறுபடி வருவார். நம் பையனுடைய சூப்பர் காரில் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் உள்ளுக்குள் நொறுங்கிவிட்டதாம். அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே அது பலவீனம்தான். ஆனால் போன முறை காரைப் பார்த்தபோது மெக்கானிக் என்னைப் பிடித்துக்கொண்டார். "யாரும்மா தினமும் ஸ்டார்ட் பண்ணி, சூடேறுறதுக்குள்ள ஆஃப் பண்றது? ரோட்டுல ஓட்டணும், இல்லன்னா தொடவே கூடாது. எரியாத பெட்ரோல் போய் அதைக் கெடுத்துடும். புதுசு போட்டாலும் இதே கதிதான்."

நான்தான் என்று சொல்லிவிட்டேன். கேட்டால் நீங்களும் என்னையே சொல்லுங்கள்.

பேப்பர் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நீங்கள் காரில் போய் உட்காருவது எனக்குத் தெரியும். அவன் செத்த மறுவாரத்திலிருந்தே தெரியும். சத்தம் கேட்டதும் நானும் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன். அவன் வேலைக்குக் கிளம்புகிறான் என்று நம்பிக்கொள்வேன். பிறகு நீங்கள் எஞ்சினை அணைப்பீர்கள். தினமும் அந்த நிமிடம் அவன் மறுபடியும் போகிறான். அதனால்தான் நேற்று "வித்துத் தொலைங்க" என்று கத்தினேன்.

மெக்கானிக்குக் கொடுக்க டீ ஃபிளாஸ்கில் இருக்கிறது.

இன்னொன்று. சாவியை ஒளித்துவைக்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. அவர் புதியதை மாட்டிவிட்டுப் போனதும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே உட்காருங்கள். ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீர்கள்.