பன்னிரண்டு பாட்டில் கடல்

மார்ச் 3

அன்புள்ள கப்பல்வாசிக்கு,

நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. விசாரிக்க நீங்கள் பக்கத்தில் இல்லை. நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு பாட்டில் கடல்நீரையும் கருவியில் ஏற்றிவிட்டேன். கனமான ஆக்சிஜன் எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று பார்த்தால் அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாமென்று பக்கத்து வீட்டம்மாவிடம் பெருமையாக அளந்துவிட்டேன். “அப்போ எங்க வீட்டுக்காரர் தினமும் எங்கேருந்து வர்றார்னும் பாத்துச் சொல்லுங்களேன்” என்கிறாள்.

விஷயம் இதுதான். மேல்மட்ட நீரிலும் இரண்டாயிரம் மீட்டர் ஆழத்து நீரிலும் வேறுபட வேண்டிய விகிதம் ஒன்றாகவே இருக்கிறது. அப்படியானால் பனி உருகிய நீர் அடிவரை இறங்குகிறது, நீரோட்டமே மாறிவிட்டது. ஆய்வகத்துச் சின்னவள், “அக்கா, எனக்கென்னமோ நம்பிக்கை இல்ல” என்றாள். “என் வீட்டுக்காரர் கையால எடுத்த தண்ணி இது. உன் வேலையப் பாரு” என்று எல்லோர் முன்னாலும் அவள் வாயை அடைத்தேன். மாதக் கடைசியில் இதைக் கட்டுரையாக மாநாட்டில் வாசிக்கிறேன்.

உங்கள்
ஆய்வகத்தம்மா

மார்ச் 12

அன்புள்ள அம்மணிக்கு,

மகிழ்ச்சி. ஆனாலும் என்ன அவசரம்? கடல் எங்கும் ஓடிவிடாது. அடுத்த வருஷம் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வாசியேன். இங்கே காற்று அதிகம்.

உன்னவன்

மார்ச் 20

ஐயா,

அன்பைத் தேடிப்பார்த்தேன், கைவசம் இல்லை.

விடுப்பில் வந்த உங்கள் கப்பல் சமையல்காரரைக் கடைத்தெருவில் பார்த்தேன். “அன்னிக்கு பாட்டில ஆழத்துக்கு இறக்குற இரும்புக் கயிறு சிக்கிக்கிச்சும்மா. சார் அசரலையே. மேல்தண்ணிய வாளியில மொண்டு பன்னெண்டையும் ரொப்பிட்டாரு” என்று பெருமையாகச் சொன்னார். ஆழங்களை மட்டும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு இருபது வருஷ உத்தியோகக்காரி உலகத்துக்கே எச்சரிக்கை விட இருந்தேன். எங்கள் ஆய்வகத் தலைவருக்கு உங்கள் கையாலேயே உண்மையை எழுதுங்கள்.

கையெழுத்து வேண்டாம், யாரென்று தெரியும்

மார்ச் 26

அன்புள்ளவளே,

பயணமே வீண் என்பார்கள் என்றுதான் அப்படிச் செய்தேன். எனக்கு ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் இருக்கிறது. கருவிக் கோளாறு என்று சொல்லிவிடேன். உன்னை யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள்?

உன்னவன்

ஏப்ரல் 2

ஐயா,

மேடையேறிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். “கருவியில கோளாறாம்மா?” என்றார் எங்கள் ஆய்வகத் தலைவர். “இல்ல சார், வாளியில மொண்டது. மொண்டவர் என் வீட்டுக்காரர்” என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. சின்னவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கக்கா” என்று டீ வாங்கிக் கொடுத்தாள்.

அதே இடத்தில் மறுபடி நீர் எடுக்க ஒன்பதாம் தேதி நானே கப்பல் ஏறுகிறேன். குளத்துப் படகிலேயே வாந்தி எடுப்பவள்தான், போகட்டும். மறுநாள் கரை திரும்பும் உங்கள் கப்பலும் எங்கள் கப்பலும் எதிரெதிரே கடக்குமாம். மேல்தளத்தில் நின்று கையசைக்க வேண்டாம். நான் வேலையாக இருப்பேன்.