இடக்கை வைட்டமின்

பதிவு 212, காலை 09:10
சீரஸ் குறுங்கோள் நிலையம். எழுதுவது அமலதாசன், உயிர்வேதியியலாளர். பான்டோயிக் அமிலத்துடன் பீட்டா அலனைனை இணைத்து இம்மாத வைட்டமின் பி5 தயாரித்தேன். எடை சரி. பாக்டீரியா சோதனை: தேறியது. நிலையத்தில் மூவர், மூவரும் நலம்.

பதிவு 219, மாலை 16:40
பொறியாளர் நசீமா உள்தொடர்பில்: "அண்ணே, உள்ளங்கால் ரெண்டும் அடுப்புல வச்ச மாதிரி எரியுது. உங்க மாத்திரைய தவறாம முழுங்குறேன், பாத்துக்குங்க."
உள்ளங்கால் எரிச்சல் பி5 குறைபாட்டின் அடையாளம். பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

பதிவு 220, காலை 11:05
பான்டோயிக் அமிலம் இடக்கை, வலக்கை என இரு வடிவங்களில் உண்டாகும். உடலுக்கு வலக்கைதான் உதவும். இரண்டையும் தனியாக்கும் பிரிப்பானின் இரு குழாய்களையும் நான் மாற்றிப் பொருத்தியிருக்கிறேன். நான்கு மாதங்களாக வலக்கையை விண்வெளிக்குத் திறந்துவிட்டு, இடக்கையை மாத்திரையாக்கி வருகிறேன். இடக்கை உதவாது; அதிகமானால், உணவிலுள்ள சொற்ப வலக்கையையும் வேலை செய்ய விடாது.
எடையில் இரண்டும் ஒன்றே. பாக்டீரியா மட்டும் கண்டுபிடித்திருக்கும். வலக்கை இல்லாவிட்டால் அது வளராது. அது இப்போது இல்லை. பொங்கலன்று தோசை மாவு புளிக்கவில்லை. சோதனைக்கான பாக்டீரியாக் குப்பி முழுவதையும் மாவில் ஊற்றினேன். மூவரும் பாராட்டிச் சாப்பிட்டோம். அதன்பின் "தேறியது" என்று நான்கு முறை கையெழுத்திட்டேன்.

பதிவு 221, காலை 10:30
குழாயை மாற்ற அரை நாள் போதும். ஆனால் பிரிப்பானின் சாவி தலைவர் பொற்கொடியிடம். சாவிக்குப் படிவம். படிவத்தில் "காரணம்" என்றொரு கட்டம். "வழக்கமான பராமரிப்பு" என்று நிரப்பினேன்.
தலைவர்: "வழக்கமானதுதானே தாஸு, அடுத்த மாசம் பாத்துக்கலாம். இப்ப காத்து இயந்திரமே தகராறு."
சரி என்றேன்.

பதிவு 229, மதியம் 14:15
உண்மைக் காரணத்துடன் புதிய படிவத்தை ஆறு முறை எழுதி அழித்தேன். நடை நன்றாக வரவில்லை.

பதிவு 233, மதியம் 12:50
காற்று இயந்திரத்தின் ஏணியிலிருந்து நசீமா விழுந்துவிட்டாள். கால் படியை உணரவில்லையாம்.
தலைவர்: "தாஸு, உன் மாத்திரைய மூணு மடங்கா ஆக்கலாமா? நீ சொன்னா சரி."
"ஆக்குங்க" என்றேன்.

பதிவு 233, மதியம் 13:20
நசீமா: "மூணையும் முழுங்கிட்டேன் அண்ணே. நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்!"
ஓய்வெடுக்கச் சொன்னேன். நாளைக்கான மூன்றையும் எண்ணி வைத்தேன்.