அவன் கைக்கு வெட்டிய எலும்பு

மார்ச் 3
லுகோம்போ இன்றும் கிட்டாரை என் பட்டறை மேசைமேல் தூக்கி வைத்தான். "விரல் வைக்காம மீட்டினா சரியா இருக்கு. முதல் ஃப்ரெட் கட்டையில கம்பிய அழுத்தினா சுருதி ஏறிப்போகுது. பொண்டாட்டி நீ செஞ்சதுன்னு பாட்டுக் குழுவுல சிரிக்கிறானுங்க."

மார்ச் 5
தப்பு அவன் கையில். கம்பியைக் கழுத்தை நெரிப்பதுபோல் அழுத்துகிறான். சொன்னால் முகம் கோணும். கிட்டார்க் கழுத்தின் நுனியில் கம்பிகள் ஏறும் எலும்புத்துண்டை, அந்த நட்டை, அவன் கைக்கு ஏற்றபடி வெட்டிவிட்டால் போச்சு. ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு அளவு. வெறும் கையில் அரம் நிற்காது. அரத்தை அசையாமல் பிடிக்க ஜிக் என்கிற பிடிசட்டம் ஒன்று செய்ய வேண்டும்.

மார்ச் 11
எலும்பைக் கவ்வ மரத்தாடை. அரத்தை நிறுத்தக் கம்பிக்கு ஒரு திருகு. வெட்டிப் பார்த்ததில் நல்ல எலும்பெல்லாம் பாழ்.

மார்ச் 12
அளவெடுக்க உட்கார வைத்தேன்.
"என்னடி, டாக்டர் மாதிரி விரலைப் பிடிக்கிற?"
"பேசாம அழுத்துய்யா."
எத்தனை நாளாயிற்று, அவன் கை என் கையில் இருந்து.

மார்ச் 15
சுருதி சேர்ந்துவிட்டது. எல்லா ஃப்ரெட்டிலும். அவன் கண் கலங்கியது, எனக்கும்தான்.

ஜூன் 20
பிராஸவில்லில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். படகில் ஆற்றைக் கடந்தால் அந்த ஊர். "மழைக்கு முன்னாடி வந்துடுவேன்" என்றான்.

அக்டோபர் 9
மழை பிடித்துவிட்டது. போன் எடுப்பதில்லை. அவன்கூட வாசிக்கிற மவுங்கு வந்தான். அங்கேயே வீடு பார்த்துவிட்டானாம். தனியாவா என்று கேட்டேன். "அத என் வாயால சொல்ல வைக்காதீங்க அக்கா."
சாப்பாட்டுக்குக் கிழங்குமாவில் ஃபூஃபூ பிசைந்தது அப்படியே இருக்கிறது. பாவி — கிட்டாரைச் சரிசெய்து நானே கையில் கொடுத்து அனுப்பினேனே. சுருதி சேராமலே இருந்திருந்தால் என் பக்கத்திலேயே கிடந்திருப்பானோ?

நவம்பர் 2
கிளாரிஸ் என்ற பெண் படகேறி வந்தாள். தோளில் அதே கிட்டார். உள்ளே ஒட்டியிருந்த என் பட்டறைப் பெயரைப் பார்த்து விசாரித்து வந்தாளாம்.
"என் வீட்டுக்காரர் எனக்குக் குடுத்துட்டார், அக்கா. அவர் தொட்டா தங்கம். நான் வாசிச்சா முதல் ஃப்ரெட்லயே சுருதி இறங்குது."
வீட்டுக்காரர். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. விரல் வைக்கச் சொன்னேன். பஞ்சு மாதிரி கை. அவன் முரட்டுக் கைக்கு வெட்டியது இவளுக்கு எப்படிச் சேரும்?
ஜிக்கின் திருகுகளைத் தளர்த்தினேன்.
"அவரைத் தெரியுமாக்கா?"
"அவர் கை தெரியும்."
புது நட் வெட்டிப் பொருத்திக் கொடுத்தேன். சுத்தமாகப் பேசுகிறது. சந்தோஷமாகப் போனாள். இனி அந்தக் கிட்டாரை அவன் எடுத்தால் சுருதி சேராது.