மூன்றாவது ஒட்டு

வூச், 1 ஏப்ரல் 1998

அன்புள்ள விட்டோல்ட்,

போன கடிதத்தில் உன் கையெழுத்து கோணியிருந்தது. விரல்கள் மறுபடி வெடித்திருக்கின்றன. "ஆலையில குடுக்குற புதுத் திரவம் பச்சத்தண்ணி மாதிரி, இது பழைய புண்ணு" என்று இன்னும் எத்தனை நாள் சொல்வாய்? இரும்பில் எண்ணெய் போக்கும் அந்த வேலையை விடச் சொன்னேன். விடவில்லை. அந்தக் கோபத்தில் நான் அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது.

இங்கே ஓர் ஆய்வகத்தில் ஆலைத் திரவங்களை மனிதத் தோலில் ஒட்டிப் பார்க்கிறார்கள். பெயர் கொடுத்திருக்கிறேன். திறந்திருந்த ஒரு குப்பியில் உன் வேலைச் சட்டையின் வாசனை. ஈஸ்டர் சனிக்கிழமை முதுகில் நான்கு ஒட்டுகள். ஒன்றில் வெறும் தண்ணீர். எதில் எது என்று சொல்ல மாட்டார்கள். செவ்வாய்வரை நனையக் கூடாது.

என் தோலில் பழைய புண் கிடையாது.

வான்டா

ரெஷோவ், 6 ஏப்ரல்

வான்டா கண்ணு,

உன்னை யார் கேட்டது? என் கைக்கு உன் முதுகா? போகாதே என்று எழுதி இரண்டு தாள் கிழித்தேன். நீ போவாய்.

ஈஸ்டர் திங்கள் காலை வருகிறேன். உனக்குப் பிடித்த கசகசா கேக்கோடு. கதவைத் திறப்பாய்தானே?

உன் விட்டோல்ட்

வூச், 15 ஏப்ரல்

விட்டோல்ட்,

திறந்தேன். தலையோடு ஒரு வாளித் தண்ணீர்! "ஊரே தண்ணி ஊத்தி விளையாடுற ஈரத் திங்களும் அதுவுமா பொண்டாட்டிய நனைக்காம விடுவேனா?" என்று சிரித்தாய். முதுகில் வழிந்த பிறகுதான் "ஐயோ, ஒட்டு!" என்றாய். கேக் சாப்பிடும்போதும் நீ கையுறையைக் கழற்றவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆய்வகத்தில் செவிலி திட்டித் தீர்த்தாள். "அன்னிக்குப் போய் யாராவது கதவத் திறப்பாங்களா?"

"என் புருஷன்க்கா."

"அப்போ குடையப் பிடிச்சிக்கிட்டுத் திறந்திருக்கணும்."

என் தாளில் குறுக்குக் கோடு போட்டு, கணக்கில் சேராது என்று எழுதிவிட்டாள். ஆனால் நான்கு ஒட்டும்தான் நனைந்தன. மூன்றாவதை உரித்தபோது மட்டும் உன் சட்டை வாசனை. அதன் அடியில் மட்டும் சிவப்பு. இன்று இன்னும் அதிகம். களிம்பு கொடுத்தார்கள். கை எட்டவில்லை, அக்காவிடம் கேட்கவும் மனமில்லை.

அவர்கள் தள்ளிவிட்டார்கள். நீயும் தள்ளிவிடாதே.

வான்டா

ரெஷோவ், 20 ஏப்ரல்

வான்டா கண்ணு,

உன் கடிதத்தை ஆலை மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "பொண்டாட்டி முதுகு என்னய்யா, அரசாங்கப் பத்திரமா?" என்றார்.

"எனக்கு அதுதாங்க பத்திரம்" என்றேன். வேலையை விடுகிறேன், வியாழன் கடைசி நாள். வூச்சில் என்ன வேலை கிடைக்கும் என்று தெரியவில்லை. பழைய புண் என்று உன்னிடம் சொல்லிச் சொல்லி, நானே நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன், வாளி இல்லாமல். அதற்குள் சிவப்பு ஆறியிருந்தாலும் களிம்பை முடித்துவிடாதே. என் கை சொரசொரப்பாக இருக்கும், பொறுத்துக்கொள். கையுறையை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன்.

விட்டோல்ட்